சம்பளத்தைக் கேட்கும் முன் பணியாணையைக் கேளுங்கள்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் எடுக்கும் பிள்ளைகள் நிறைய. வீட்டில் முதல் பட்டதாரி, தெருவில் முதல் ‘லெக்சரர்’. ஊருக்குள் மரியாதைக்குக் குறைவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்தான் பேச்சு மாறுகிறது. பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம், அதிகம் போனால் இருபத்தைந்தாயிரம். கையில் பணியாணை இல்லை. அசல் சான்றிதழ்கள் கல்லூரி பீரோவில். சிலருக்கு வங்கியில் விழும் தொகை ஒன்று, அதில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் தொகை வேறு. ‘ஏன் கேட்கவில்லை?’ என்றால், ‘கேட்டா நின்னுக்கங்கன்னு சொல்லிடுவாங்க சார்’ என்கிறார்கள்.

விலைவாசியையும் கூலியையும் வகுப்பில் விளக்குகிறவர்கள் தங்கள் கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள், குறைந்தால் எந்த அலுவலகத்தில் போய் நிற்பது என்று தெரியாமல் இருக்கிறார்கள். இந்த அலட்சியத்தைப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே பாடம், நான்கு சம்பளம்

அரசுக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியருக்கும் தமிழ்ப் பேராசிரியருக்கும் இயற்பியல் பேராசிரியருக்கும் ஒரே ஊதிய விகிதம்தான். பாடத்தை வைத்துச் சம்பளம் இல்லை. நீங்கள் எந்த வகைப் பணியிடத்தில் இருக்கிறீர்கள் என்பதே சம்பளத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் வகை, அனுமதிக்கப்பட்ட நிரந்தரப் பணியிடம். அரசுக் கல்லூரியும், காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரி போன்ற உதவிபெறும் கல்லூரிகளில் அரசு சம்பளம் தரும் இடங்களும் இதில் அடக்கம். யுஜிசியின் ஏழாவது ஊதியக் குழு விகிதப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். 2025 ஜூலை முதல் கணக்கிடப்பட்ட 58 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தால் 91,166. வீட்டு வாடகைப்படி தனி. அது ஊருக்கு ஊர் மாறும். இணைப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் 1,31,400-இலும் பேராசிரியருக்கு 1,44,200-இலும் தொடங்கும்.

இரண்டாவது, அரசுக் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர். மாதத் தொகுப்பூதியம் 15,000, 20,000, 25,000 என்று படிப்படியாக ஏறியது. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான். 2019 ஜனவரியில் யுஜிசி ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று வழிகாட்டியது. அந்த அளவுக்குத் தரவேண்டும் என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. யுஜிசி ஒன்று சொல்ல, கஜானா இன்னொன்று கொடுக்க, நடுவில் ஆண்டுகள் ஓடின.

மூன்றாவது, உதவிபெறும் கல்லூரியின் ‘ஷிஃப்ட் 2’, ‘மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்’. வாசல் ஒன்றுதான், சம்பளம் வேறு. காலையில் அரசுச் சம்பளக்காரர் எடுக்கும் அதே பாடத்தை மாலையில் இவர் கால் பங்குக்கு எடுக்கிறார். பெரிய பெயர் கொண்ட கல்லூரி என்று நம்பிச் சேர்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சேரும் முன் கேளுங்கள்: ‘எய்டட் இடமா, அன்எய்டட் இடமா?’

நான்காவது, முழுச் சுயநிதிக் கல்லூரி. நிர்வாகம் வைத்ததே சட்டம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, பின்னால் சொல்கிறேன்.

தனியார் பல்கலைக்கழகங்களிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் மட்டும் பாடத்துக்குக் கொஞ்சம் விலை உண்டு. பொருளாதார அளவியல், புள்ளியியல் மென்பொருள், ஆய்விதழ்க் கட்டுரை என்று காட்ட முடிந்தவர் பேரம் பேசலாம். அமெரிக்காவில் பொருளாதாரப் பேராசிரியருக்கு இலக்கியப் பேராசிரியரைவிட அதிகம் கொடுப்பதும் இதனால்தான்: வங்கியும் வணிகப் பள்ளியும் அதே ஆளுக்குப் போட்டி போடுகின்றன. நம் பக்கத்தில் அந்தப் போட்டி இல்லை. ஓர் இடத்துக்கு வரிசையில் நிற்கும் எம்.ஏ.க்கள்தான் இருக்கிறார்கள், அது நிர்வாகத்துக்குத் தெரியும்.

தகுதி இல்லாமல் உரிமை இல்லை

முதுகலையில் 55 விழுக்காடு (பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு யுஜிசி விதியில் 5 விழுக்காடு சலுகை), அதோடு நெட் அல்லது செட் தேர்ச்சி, அல்லது யுஜிசி விதிப்படி பெற்ற பிஎச்.டி. 2018 விதிமுறைகளிலும் 2023 திருத்தத்திலும் இதுவே உதவிப் பேராசிரியர் தகுதி. எம்.ஃபில். மட்டும் போதாது. திரும்பவும் சொல்கிறேன், எம்.ஃபில். மட்டும் போதாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு பத்தாண்டு பாடம் எடுத்தவருக்கு நியாயமான ஊதியம் கேட்கப் பிடிமானமே இருக்காது. நிர்வாகம் முதல் வரியிலேயே ‘தகுதியற்றவர்’ என்று எழுதிவிடும்.

தகுதி இருப்பவருக்கு 2018 விதிமுறை ஒரு வலுவான ஆயுதம் தருகிறது. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அவர்களுக்குத் தரும் மாத ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாத ஊதியத்துக்குக் குறையக் கூடாது. இந்த வரியை எத்தனை கல்லூரி அறிவிப்புப் பலகையில் பார்த்திருக்கிறீர்கள்? ஒட்ட மாட்டார்கள். நீங்கள்தான் மனுவில் எழுத வேண்டும்.

வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்

ஊர்ச்சபைக்கு யார் நிற்கலாம், கணக்குக் காட்டாதவர் ஏன் நிற்கக் கூடாது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அந்த ஊர்ப் பிள்ளைகள் வாய்வார்த்தையை நம்பி வேலைக்குப் போகிறார்கள்.

முதலில் பணியாணை. அதில் பதவிப் பெயர், சேரும் தேதி, அடிப்படை ஊதியம், படிகள், எய்டட்டா அன்எய்டட்டா என்பது, விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். ‘அப்புறம் தருகிறோம்’ என்றால், சேர்ந்த அன்றே ‘இன்று பணியில் சேர்ந்தேன்’ என்று முதல்வருக்குக் கடிதம் எழுதிப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், அதுவும் சாட்சிதான்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் தகுதி ஏற்பு. காஞ்சிபுரம் மாவட்டக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவை. உங்கள் பெயரைக் கல்லூரி பல்கலைக்கழகத்துக்கு அனுப்பித் தகுதியை ஏற்கச் செய்திருக்கிறதா என்று முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, அனுபவச் சான்று. பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம் இது. ஆசிரியர் தேர்வு வாரியம் சுயநிதி, உதவிபெறும் கல்லூரி அனுபவத்தை ஏற்க, முதல்வர் கையெழுத்து மட்டும் போதாது. கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் வேண்டும். ஆர்.ஜே.டி. ஆபீஸ் ‘கவுண்டர் சைன்’ என்பார்களே, அதுதான். 2019 அறிவிப்பில் ஓராண்டு அனுபவத்துக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 15 என்று இருந்தது. நெட், செட், பிஎச்.டி. தகுதி பெற்ற பிறகான அனுபவத்தைத்தான் அதில் கணக்கிட்டார்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் அந்த அலுவலகத்தில் வரிசை படிக்கட்டு வரை நிற்கும். முதல்வர் மாறியிருப்பார், பதிவேடு ‘தேடுகிறோம்’ என்பார்கள். ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் சான்றை வாங்குங்கள். கூடவே பணியாணை, சம்பளப் பதிவேட்டுப் பக்கம், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்து வையுங்கள்.

நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். பதவி உயர்வு தானாக வராது. ஊதிய நிலை 10-இலிருந்து 11-க்குப் போக பிஎச்.டி. உள்ளவருக்கு 4 ஆண்டு, எம்.ஃபில். உள்ளவருக்கு 5, இரண்டும் இல்லாதவருக்கு 6. புத்தாக்கப் பயிற்சிச் சான்றுகளும் ஆண்டுத் தன்மதிப்பீட்டுப் படிவங்களும் தயாராக இருக்க வேண்டும். தகுதி நாளுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முதல் மதிப்பீட்டில் நின்றுபோனால், பின்னால் தேறும் நாளிலிருந்துதான் பலன். அந்தக் காலத்தின் பணம் திரும்பாது.

சான்றிதழும் பெயரும் அடகுப் பொருள் அல்ல

அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலை அன்றே கையில் வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலில் பதிவுத் தபாலில் திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், காவல் நிலையத்தில் மனு, அதற்கான ரசீது. அங்கும் நகரவில்லையென்றால் உயர் நீதிமன்றம்.

இன்னொன்று இதைவிட ஆபத்து. பல்கலைக்கழக ஆய்வுக் குழு வரும் நாளில் ‘பேரை மட்டும் கொடுங்க, ஒருநாள் வந்து உக்காருங்க’ என்று பணம் தருகிறார்கள். ஒரே ஆசிரியர் பெயர் பல பொறியியல் கல்லூரிகளில் இருந்ததை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது நினைவிருக்கட்டும். ஒருநாள் கூலிக்காகக் கொடுத்த பெயர் வாழ்நாள் முழுவதும் மோசடிப் பட்டியலில் நிற்கும்.

சம்பளத்தில் பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்டால், கேட்டவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். செய்தி வந்திருந்தால் அழிக்காதீர்கள். திருப்பிக் கொடுத்தால் ‘முழுச் சம்பளம் பெற்றார்’ என்பதற்கு உங்கள் வங்கிக் கணக்கே அவர்களுக்குச் சாட்சி ஆகிவிடும்.

எந்த அலுவலகம், எதற்கு

ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே சம்பளத் தகராறோடு தொழிலாளர் நீதிமன்றத்தில் போய் நின்று ஓராண்டை வீணாக்காதீர்கள். ஆனால் பணிக்கொடை வேறு. ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்று 2009-இல் சட்டம் திருத்தப்பட்டது. 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் அந்தத் திருத்தத்தை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, கடைசி மாத அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்குங்கள். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 என்றால் ஆண்டுக்கு 15,000. எட்டு ஆண்டுக்கு 1,20,000. முதலில் கல்லூரிக்கு எழுத்தில் விண்ணப்பம். முப்பது நாளில் தரவில்லையென்றால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனு. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால், இப்போது எந்தப் படிவம் என்று அங்கே கேட்டு எழுதுங்கள்.

வருங்கால வைப்பு நிதி: இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கல்லூரிக்கு இது கட்டாயம். அடிப்படையைச் சிறிதாகவும் ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்பதைப் பெரிதாகவும் பிரித்துப் பங்களிப்பைக் குறைப்பது பழைய தந்திரம். எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் படிகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்குகளில் ஒன்று ஒரு பள்ளியைப் பற்றியதுதான். உங்கள் யூஏஎன் எண்ணில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பிடித்த பணம் கட்டப்படவில்லையென்றால் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் குறைதீர் இணையதளத்தில் புகார் பதியுங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் அவர்கள் நடத்தும் குறைதீர் முகாமுக்கு நேரிலும் போகலாம்.

அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரிச் சம்பள நிலுவை, ஊதிய நிர்ணயம்: முதல்வர் வழியாகச் சென்னை மண்டல இணை இயக்குநருக்கு மனு. நேராக அனுப்பினால் ‘முறையான வழியில் வரவில்லை’ என்று திருப்பி அனுப்பிக் கையைக் கழுவிவிடுவார்கள். முதல்வருக்குக் கொடுத்து, முன்பிரதியை இணை இயக்குநருக்கு அனுப்புங்கள். உதவிபெறும் கல்லூரியில் உரிய அலுவலரின் ஒப்புதலின்றி வேலைநீக்கம் செய்ய 1976-ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இடம் தரவில்லை. ‘நாளைக்கு வராதீங்க’ என்றால் எழுத்தில் கேளுங்கள்.

மனு தூங்கினால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘இந்தத் தேதி மனு மீது எடுத்த நடவடிக்கை, கோப்பு யாரிடம் எத்தனை நாளாக உள்ளது’ என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. சுயநிதிக் கல்லூரியிடம் நேரடியாகக் கேட்க முடியாவிட்டாலும், அந்தக் கல்லூரி உங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய தகவலைப் பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். நிர்வாகம் பயப்படுவது இந்த ஒரு காகிதத்துக்குத்தான்.

வழக்குக்குப் பணமில்லை என்று சும்மா இருக்காதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. காஞ்சிபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-ஐ அழைக்கலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மீதும் ரிட் மனு செல்லும் என்று, ஒரு விரிவுரையாளர் தொடுத்த வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லா வழக்குக்கும் அது பொருந்தாது. வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, மறந்தால் எல்லாம் போகும் ஒரு செய்தி. நிலுவைச் சம்பளத்துக்கு உரிமையியல் வழக்கு போட மூன்றாண்டுதான் கெடு. ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளினால் சட்டம் உங்களுக்காகக் காத்திருக்காது. பணியாணை இல்லாதவர்கள் இந்த வாரமே முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதியில் முத்திரை வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.