மருந்தை வெல்லும் நோய்: சூலகப் புற்றுநோயில் மருந்தெதிர்ப்பு

'உடம்புக்கு மருந்து பழகிப் போயிற்று' என்பது நம்மவர் நாவில் எளிதில் வரும் சொல். சூலகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய பெண்ணுக்கு நோய் மீண்டும் தலைகாட்டும்போது, அவர் பத்தியம் காக்கவில்லை என்றும் மனந்தளர்ந்தார் என்றும் பழி கூறுவோரும் உளர். இவையெல்லாம் பிழையான எண்ணங்கள். மருந்துக்குப் பழகுவது உடம்பன்று, புற்று உயிரணுக்களே. 'நோயெதிர்ப்பு' என்றால் நமக்கு நன்மை. 'மருந்தெதிர்ப்பு' என்றால் நோய்க்கு நன்மை. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் விளையும் மயக்கம் சிறிதன்று.

சூலகம் என்பது கருமுட்டை தோன்றும் உறுப்பு. கருப்பையின் இருமருங்கும் அமைந்தது. அங்கு எழும் நோய் தொடக்கத்தில் வயிற்று உப்புசம், பசியின்மை என்றே தோற்றங்காட்டும். செரிமானக் கோளாறு எனக் கஷாயம் குடித்துக் காலங்கழிப்போர் பலர். ஆதலின் பெரும்பாலும் பரவிய பின்னரே புலப்படுகிறது. அறுவைச் சிகிச்சையோடு கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் என்னும் மருந்துகள் தரப்படுகின்றன. முதற்கண் பெரும்பாலோர்க்கு நோய் தணிகிறது. ஆயினும், முற்றிய நிலையில் கண்டறியப்பட்டோருள் மிகப் பலருக்கு மீள்கிறது.

பிளாட்டின மருந்தின் வரலாறு சுவையானது. 1965இல் அமெரிக்க அறிஞர் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் பாக்டீரியாக்களை எவ்வாறு பாதிக்கிறது என ஆராய்ந்தார். அவை பிரிந்து பெருகாமல் நூல்போல் நீண்டன. காரணம் மின்சாரமன்று, பிளாட்டின மின்வாயிலிருந்து கரைந்து உருவான சேர்மங்களே. அவ்வழி வந்த சிஸ்பிளாட்டின் 1978இல் அங்கு ஒப்புதல் பெற்றது. நச்சுத்தன்மை குறைந்த கார்போபிளாட்டின் அதன் தங்கை எனலாம். உயிரணுவின் டி.என்.ஏ. இழையோடு பிளாட்டினம் பிணைந்து அதனை வளைத்துவிடுகிறது. படியெடுக்க இயலாத உயிரணு மடிகிறது.

மடியாதவை எவ்வாறு தப்புகின்றன? பிளாட்டினம் உள்ளே நுழையும் வழிகளுள் ஒன்று, செம்புச் சத்துக்கென அமைந்த வாயில். அவ்வாயில்கள் குறைந்தால் மருந்தும் குறைவாகவே நுழையும். நுழைந்ததைக் குளுடாதயோன் என்னும் பொருள் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்வதுமுண்டு. பாக்ளிடாக்சலை வெளியேற்றுவதற்கோ, 1976இல் கண்டறியப்பட்ட பி-கிளைகோபுரோட்டீன் என்னும் இறைப்பான் இருக்கிறது.

நம்மை மிகவும் வியக்கவைப்பது பி.ஆர்.சி.ஏ. மரபணுவின் கதை. அறுபட்ட டி.என்.ஏ.வைப் பிழையின்றிச் செப்பனிட உதவுவது அது. அது பழுதுபட்ட கட்டியில் செப்பனிடும் வேலை நடவாது. எனவே பிளாட்டினம் நன்கு வேலை செய்யும். ஆனால் சில கட்டிகளில் அப்பழுதே நீங்கிவிடுகிறது! ஏட்டுச்சுவடி கொண்டு விளக்கலாம். மும்மூன்று எழுத்தாகப் பிரித்துப் படிக்கவேண்டிய ஏட்டில் ஓரெழுத்து விடுபட்டால், அடுத்து வருவன எல்லாம் பொருளிழக்கும். பின்னர்ப் படியெடுத்தவர் அருகிலேயே மேலும் ஈரெழுத்தை விட்டுவிட்டாரெனில், அவ்விடத்துக்கு அப்பால் பிரிப்பு மீண்டும் சரியாகிவிடும். இரண்டாம் பிழை முதற்பிழையைத் திருத்திவிட்டது! இத்தகைய மீட்சியை 2008இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். உயிரணு எண்ணிச் செய்யும் சூழ்ச்சியன்று இது. கோடிக்கணக்கானவற்றுள் தற்செயலாய் இம்மாற்றம் பெற்ற சில பிழைக்கின்றன. மருந்து ஏனையவற்றை அழித்து அவற்றுக்கு இடந்தருகிறது.

பிளாட்டினச் சிகிச்சை முடிந்து ஆறு மாதத்திற்குள் நோய் மீளின் அதனை மருந்தெதிர்ப்பு நோய் என வகுப்பது மருத்துவ வழக்கம். அதனோடு எல்லாம் முடிந்தது என்று கைவிடுவது முறையன்று. செப்பனிடும் வழி பழுதுபட்ட கட்டிகளுக்கென 2014இல் ஒலாபாரிப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மேற்கூறிய மீட்சி நிகழின் அதுவும் பயனிழக்கக்கூடும். பிளாட்டினத்துக்கு அடங்காத நோய்க்கு, போலேட் ஏற்பி மிகுந்த கட்டிகளைக் குறிவைக்கும் மிர்வெடக்சிமாப் மருந்து 2022இல் அங்கு ஏற்கப்பட்டது.

பி.ஆர்.சி.ஏ. பழுது பரம்பரையாக வந்ததா என்பதை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். நம் இல்லங்களில் மூத்தோர், 'தாய் வழியில் யாருக்கேனும் இருந்ததா?' என்று மட்டுமே வினவுவர். அப்பழுது தந்தை வழியாகவும் வரும். பழுதுடையவரின் மகனுக்கும் மகளுக்கும் அது சேர்வதற்கான வாய்ப்பு ஒன்றே: சரிபாதி.