மறைநூலைத் திறக்குமுன்

மாரி பிறக்குமுன் வாய்க்கால் வெட்டித் துப்புரவாக்காத கமக்காரனுக்கு, வவுனிக்குளம் நிரம்பியும் பயனில்லை. இதனைத் துணுக்காய் மக்கள் நன்கறிவர். மறைநூல் தியானமும் அத்தகையதே.

12ஆம் நூற்றாண்டுத் துறவியாகிய இரண்டாம் கீகோ, வாசிப்பு, தியானம், செபம், இறைக்காட்சி என நான்கு படிகளை வகுத்தார். 1928இல் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் தோன்றிய செபமாலைத் தாசர் சபையினர், மௌனத்தைத் தம் வாழ்வின் நெறியாகவே கொண்டனர்.

ஆயினும், முதற்படிக்கு முன்னரும் ஆயத்தம் வேண்டும். நாள்தோறும் ஒரே வேளையில் அமைதியாய் அமர்க. தூய ஆவியின் துணையை வேண்டுக. சிறு பகுதியொன்றை மெல்ல வாசிக்க எடுத்துக்கொள்க.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. பகை கொண்ட நெஞ்சம் தூர்ந்த வாய்க்காலே. காணிக்கையைப் பீடத்தருகே விட்டுச் சென்று, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகுமாறு இயேசு பணித்ததை மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் கூறும். ஆதலின், மறைநூலைத் திறக்குமுன் அயலவனோடுள்ள வேலிச் சண்டையைத் தீர்த்து வருவோமாக.