பெத்லகேம் குறவஞ்சியிற் குறியும் காதலும்

குறி கேட்டல் விவிலியம் விலக்கிய செயல். உபாகமம் குறி சொல்வாரை இறைவன் வெறுப்பதாகக் கூறும். அங்ஙனமாகவும், தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) 1800ஆம் ஆண்டளவில் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியிற் குறத்தி ஒருத்தியையே நடுநாயகமாக நிறுத்தினார். விலக்குண்ட தொழில் சமயத்தின் வாயாக அமைந்தது எவ்வாறு என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

குறவஞ்சியின் அமைப்புக் கற்றோர் அறிந்ததே. தலைவன் உலாப் போதருவான், தலைவி கண்டு காமுறுவாள், திங்களைப் பழிப்பாள், குறத்தி வந்து மலைவளம் பாடிக் குறி கூறுவாள், சிங்கன் புள் பிடித்துச் சிங்கியைத் தேடுவான். அரசவையும் பொதுமக்களும் ஒருங்கே சுவைத்த கூத்து இது. சென்னை அடையாற்றில் கலாட்சேத்திரம் 1944இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியபின், நகர மக்கள் பலர்க்குக் குறவஞ்சி என்றால் வசந்தவல்லியே நினைவுக்கு வருவாளாயினள். தேவமோகினியை அறிந்தார் சிலரே.

தேவமோகினி சாத்திரியாரின் தலைவி, சீயோன் மகள், திருச்சபையின் உருவகம். தலைவன் இயேசு பெருமான். குறத்தியின் பெயரோ விசுவாசம். சிக்கல் அவிழ்வது இப்பெயரில்தான் என்பது எம் கருத்து. காணாதவற்றை உறுதியாகக் கொள்ளுதலே விசுவாசம் என்பது எபிரேயர் நிருபத்தின் கொள்கை. ஏனைக் குறத்தியர் கைவரி நோக்கி ஊழைக் கணிப்பர். இவளோ முன்னரே வாக்களிக்கப்பட்டதை எடுத்துரைப்பவள். எனவே குறியின் வடிவம் நின்றது, பொருள் மாறிற்று.

காதலைப் பற்றியும் ஒரு சொல். நம்மாழ்வார் தாமே பராங்குச நாயகியாக நின்று உருகினார். சாத்திரியார் அங்ஙனம் தம்மைத் தலைவியாக்கினாரல்லர். இங்குக் காமுறுவது ஓர் உயிரன்று, ஒரு கூட்டம். சபையைக் கிறித்துவின் மணமகளாகக் காணும் கருத்து விவிலியத்திலேயே உண்டு; தமிழ் அகமரபு அதற்கு மொழி தந்தது. ஆதலின் இதனை வெறும் போர்வை மாற்றம் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

சிங்கன் ஞானச்சிங்கனாகிறான், நூவன் உபதேசியாராகிறான், வலை நற்செய்தி, புட்கள் மாந்தர். மனிதரைப் பிடிக்கும் மீனவர் என்னும் நற்செய்தி உருவகம் மலைநிலத்திற் பறவைவேட்டையாயிற்று. இந்நூலின் நகைச்சுவை நயம் இதுவே. ஞாயிற்றை நடுவாகக் கொண்ட புதிய வானநூற் கோட்பாடும் உலக நிலநூற் செய்திகளும் இதனுட் புகுந்தமை, சுவார்த்து ஐயரிடம் அவர் பயின்ற கல்வியின் பயன்.

இராக தாளத்தோடு கிறித்துவைப் பாடிய இம்மரபின் தொன்மை மறக்கப்பட்டமை 2018இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிற் கருநாடக இசைவாணர் சிலர் கிறித்தவப் பாடல் பாடுதல் பற்றிச் சென்னையிற் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒருவர் தாம் பாட இருந்த நிகழ்ச்சியினின்றும் விலகினார். டி. எம். கிருஷ்ணா, திங்கள்தோறும் இயேசுவையோ அல்லாவையோ பற்றிய பாடலொன்று வெளியிடுவதாக அறிவித்தார். தியாகராசர் கீர்த்தனைகளைச் சொல் மாற்றிப் பாடினர் என்பது எழுந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஒருவர் பாடலை மாற்றுதல் வேறு. பொதுவான இலக்கிய வகையொன்றிற் புதுநூல் செய்தல் வேறு. சாத்திரியார் செய்தது பின்னையது. மயிலைச் சபாக்களிற் பாடப்பெறும் இராகங்களுட் சிலவற்றையே தேவாலயங்களும் கீர்த்தனைகளாக வழிவழிப் பாடி வருகின்றன.