சேரன்மகாதேவி: நிலனும் வரலாறும்

திருநெல்வேலிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், பொருநையாற்றின் தென்கரையில் அமைந்திருப்பது சேரன்மகாதேவி. அரசு ஏடுகளில் இப்பெயர் வழங்கினும், அப்பகுதி மக்கள் நாவில் அது 'சேர்மாதேவி' என்றே பயிலும். வருவாய்க் கோட்டம் ஒன்றன் தலைமையிடமாக விளங்குவது கொண்டு இதனைப் பேரூர் என்னலாம். ஆயினும் ஊரைச் சூழ்ந்த நன்செய்ப் பரப்பினை நோக்குவார்க்கு இஃது உழவர் ஊர் என்பதே முதற்கண் தோன்றும். இவ்வூரின் நில அமைப்பையும், பெயர் வரலாற்றையும், இவ்வூர் கண்ட வழக்கு ஒன்றனையும் ஈண்டு ஒருசேர வைத்து ஆராய்வோம். இவை மூன்றும் தனித்தனிச் செய்திகள் அல்ல என்பது ஆராய்ச்சியின் முடிவிற் புலனாகும்.

நிலனும் நீரும்

பொதியமலையில் தோன்றும் பொருநை, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார்க் குடாவிற் கலக்கிறது. தோன்றும் இடமும் கலக்கும் இடமும் தமிழ்நாட்டின் எல்லைக்குள்ளேயே அமைந்த ஆறு இது. மலைச்சரிவை விட்டுச் சமவெளியில் இறங்கியபின், மணிமுத்தாறும் கடனாநதியும் வந்து சேரப் பெருகி, அது சேரன்மகாதேவியை அடைகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மலைமேற் பொழியும் மழையும், வடகிழக்குப் பருவக்காற்று மலையிலும் சமவெளியிலும் பொழியும் மழையும் ஆகிய இருவகை வரவும் இவ்வாற்றுக்கு உண்டு. இதனாலன்றோ இங்கு இருபோக விளைவு நிலைபெற்றது! ஆனியில் தொடங்கும் கார்ப் பருவம் முதல் வரவையும், ஐப்பசி முதல் மாசி பங்குனி வரை நிகழும் பிசானப் பருவம் இரண்டாம் வரவையும் சார்ந்தவை. காரும் பிசானமும் இப்பகுதி உழவர்க்கு ஆண்டினை அளக்கும் அளவைகளாகவே அமைந்துவிட்டன.

ஆறு அருகில் ஓடுதலால் மட்டும் வயலில் நீர் பாய்ந்துவிடாது. ஆற்றுப்படுகை தாழ்ந்தும் வயல் உயர்ந்தும் இருத்தலின், மேற்கே நெடுந்தொலைவில் அணையிட்டு நீரைத் திருப்பிக் கொணர்தல் வேண்டும். அப்பணியைச் செய்வது கன்னடியன் கால்வாய். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அணைக்கட்டிலிருந்து பிரியும் இக்கால்வாய், தென்கரை வழியே வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை முதலிய ஊர்களின் நிலங்களை வளம்படுத்துகின்றது. இதன் பாசனப் பரப்பு 12,500 ஏக்கர் என்பர். பொருநையின் குறுக்கே அமைந்த அணைக்கட்டுகள் எட்டு. அவற்றுள் திருவைகுண்டம் அணை ஒன்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. ஏனைய ஏழும் பழையன.

இக்கால்வாய் தோன்றியது பற்றி வழங்கும் கதை எண்ணத்தக்கது. கன்னட நாட்டார் ஒருவர் பெரும்பொருள் பெற்று, அதனை அறத்திற் செலவிட வழி வேண்டினார் என்றும், பசு ஒன்று சென்ற வழியே கால்வாயும் அது நின்ற இடங்களில் மடைகளும் படுத்த இடங்களில் குளங்களும் அமைத்தார் என்றும் அக்கதை கூறும். இது காலத்தைக் காட்டும் சான்று ஆகாது. எனினும் வேலையின் இயல்பைக் காட்டும் சான்று ஆகும் என்பது எம் கருத்து. பசு மேட்டை நாடி ஏறாது. பள்ளத்திலும் நேரே இறங்காது. சரிவின் இடையே வளைந்து வளைந்து நடக்கும். நீரை உயரம் இழவாமல் நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் கால்வாயும் அவ்வாறே வளைந்து செல்லுதல் வேண்டும். நிலத்தின் ஏற்ற இறக்கம் அறிந்த தொழிலாளர் கண்ட நுட்பத்தையே மக்கள் பசுவின் மேல் ஏற்றிக் கூறினர் எனல் பொருந்தும்.

இருபதாம் நூற்றாண்டில், 1940-களில் பாபநாசத்திலும் 1950-களில் மணிமுத்தாற்றிலும் பேரணைகள் எழுந்தன. அவை வெள்ளத்தைத் தேக்கி வேண்டும்பொழுது விடுவன. ஆயினும் அவை விடும் நீரைச் சேரன்மகாதேவி வயல்களுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இன்றும் அப்பழங்கால்வாயே என்பது மறத்தற்கு உரியதன்று.

பெயரும் கல்வெட்டும்

இனி, ஊர்ப்பெயரை நோக்குவோம். சேரர் ஆண்டமையால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பராந்தக வீரநாராயண பாண்டியனின் தேவி வானவன்மாதேவி என்பது சின்னமனூர்ச் செப்பேட்டால் அறியப்படுவது. வானவன், சேரன் என்பன ஒருபொருட் சொற்கள். ஆதலின் அவ்வரசியின் பெயரே ஊர்ப்பெயராயிற்று என ஆராய்ச்சியாளர் கருதுவர். மாதேவி என முடியும் ஊர்ப்பெயர்கள் அரசியர் பெயரால் அமைந்தவை என்பதற்குச் சோழநாட்டுச் செம்பியன்மாதேவி முதலியன சான்றாதலின், இக்கருத்து முன்னதினும் வலியுடைத்து. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். செம்பியன்மாதேவியார் சோழர் குடியிற் பிறந்தவர் அல்லர். சோழர் குடியிற் புகுந்தவர். எனவே, மாதேவி என்னும் சொல்லின் முன் நிற்கும் குலப்பெயர் பிறந்த குடியையும் குறிக்கும், புகுந்த குடியையும் குறிக்கும். பெயர் ஒன்றையே கொண்டு முடிவு செய்தல் தகாது. செப்பேட்டுச் சான்றையும் உடன் வைத்து நோக்கலே முறை.

பதினோராம் நூற்றாண்டில் பாண்டிநாடு சோழர் ஆட்சிக்கு உட்பட்டு இராசராசப் பாண்டிநாடு எனப் பெயர் பெற்றது. முதலாம் இராசேந்திரன் தன் மகனுக்குச் சோழபாண்டியன் என்னும் பட்டம் அளித்து மதுரையிலிருந்து ஆளச் செய்தான். அக்காலத்தில் இவ்வூர் முள்ளிநாட்டுப் பிரமதேயமாகிய நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம் எனக் கல்வெட்டுகளிற் குறிக்கப்படுகின்றது. நிகரிலிசோழன் என்பது முதலாம் இராசராசனின் சிறப்புப் பெயர்களுள் ஒன்று. ஆட்சி மாறியவுடன் ஊருக்கும் புதுப்பெயர் இடப்பட்டது. ஆனால் மக்கள் நாவிலிருந்து பழம்பெயர் நீங்கவில்லை. வென்றோர் இட்ட பெயர் கல்லில் நின்றது. அரசியின் பெயர் வாயில் வாழ்ந்தது. ஆற்றங்கரையிலுள்ள பக்தவத்சலர் கோயிலும், நவகைலாயத் தலங்களுள் ஒன்றாகப் போற்றப்பெறும் அம்மைநாதர் கோயிலும் இவ்வூரின் பழமைக்குச் சான்றுகளாக நிற்கின்றன.

பிரமதேயம் என்பது நான்மறையாளர்க்கு அளிக்கப்பட்ட ஊர். நிலத்தின் உரிமை சபையார்பால் இருந்தது. சேற்றில் இறங்கி உழுதோர், கால்வாயின் வண்டல் வாரினோர், மடை திறந்தோர் ஆகியோர் கொடையாளரும் கொடை பெற்றோரும் போலக் கல்வெட்டில் இடம்பெற்றிலர். நிலத்தில் வகுத்த இவ்வேறுபாடு நிலத்தோடு நின்றுவிடவில்லை. தெருவிலும் நீர்த்துறையிலும் உணவுப் பந்தியிலும் தொடர்ந்தது.

குருகுல வழக்கு

வ. வே. சு. ஐயர் 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய தமிழ்க் குருகுலம், அடுத்துச் சேரன்மகாதேவிக்கு மாறியது. கல்வியும் கைத்தொழிலும் உடலோம்பலும் தாய்மொழியில் ஒருங்கே பயிற்றுவித்தல் அதன் நோக்கம். கம்பனை நுணுகி ஆராய்ந்தவரும், தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டியவருமான ஐயரின் முயற்சிக்குப் பல சாதியாரும் பொருள் உதவினர். தமிழ்நாடு காங்கிரசும் 5,000 ரூபாய் வழங்கிற்று. ஆயின் அங்குப் பார்ப்பன மாணவர் இருவர் பிறரோடு இருந்து உண்ணாமல் தனியே உண்ண இடந்தரப்பட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் நிலையத்தில் பந்தி வேறுபாடு கூடாது என்று டாக்டர் பி. வரதராசுலு நாயுடுவும் ஈ. வெ. இராமசாமியும் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் கடிந்து வாதிட்டனர். பெற்றோர்க்கு அளித்த வாக்கைக் காத்தல் கடன் என்பது ஒருபக்கம். பிள்ளைகளிடையே உயர்வு தாழ்வு விதைத்தல் கல்வி ஆகாது என்பது மறுபக்கம். இரண்டு பிள்ளைகளின் இலை பற்றிய வழக்கு எனக் கருதி இதனைச் சிறிதாக எண்ணற்க. நாடு விடுதலை பெற்றபின் எத்தகைய சமுதாயம் அமையும் என்னும் வினாவே அதனுள் அடங்கியிருந்தது.

ஐயர் 1925 சூன் திங்களில் பாபநாசத்துக் கலியாண தீர்த்த அருவியில், நீரில் வீழ்ந்த தம் மகளைக் காக்கப் புகுந்து உயிர்நீத்தார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டை அடுத்து இராமசாமி காங்கிரசினின்று விலகினார். அவர் விலகியதற்கு உடன் காரணம் வகுப்புவாரி உரிமைத் தீர்மானமே எனினும், குருகுல வழக்கு அதற்கு முன்னரே பிளவைத் தோற்றுவித்திருந்தது. தமிழ்நாட்டு அரசியலின் பிற்காலப் போக்கில் இச்சிற்றூரின் பெயர் இவ்வாறு இடம்பெற்றது. உழுவோர் உரிமை பற்றி 1955-இல் இயற்றிய குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டமும், 1961-இன் நில உச்சவரம்புச் சட்டமும் பந்தியில் எழுந்த வினா வயலிலும் எழுந்ததைக் காட்டுவன.

முடிவுரை

ஆற்றுநீர் மேடு பள்ளம் அறிந்து பாய்கின்றது. அதனைப் பங்கிடுவோர் மனிதர். சேரன்மகாதேவியின் வரலாறு அப்பங்கீட்டின் வரலாறே என்று கூறின் மிகையாகாது. அரசியின் பெயரைச் செப்பேடும், சபையின் பெயரைக் கல்லும், தலைவர் பெயரை ஏடும் காத்துள்ளன. உழுதோர் விட்டுச்சென்ற ஆவணம் ஒன்று உண்டு: அது வயலுக்கும் மடைக்கும் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் அவர்கள் இட்டு வழங்கும் பெயர்களே. அவை எழுதப்படாதவை; முதியோர் நினைவில் மட்டும் நிற்பவை. கல்வெட்டைப் படியெடுப்பது போன்றே அப்பெயர்களையும் ஊர்தோறும் சென்று தொகுத்தல் தமிழாய்வாளர் கடமை என்க. வயல் மனையாக மாறின் அதன் பெயரும் உடன் மறையும்; மறைந்த பெயரை எந்தக் கல்லும் திருப்பித் தாராது.