கால் போனால் முக்கால்

2011இல் வன்னியில் மீள்குடியேறிய கிராமமொன்றில், தையல் பழகும் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். துணி வெட்டப் பின்னம் தெரிய வேண்டுமே! "ஒரு மீற்றரில் கால் போனால் மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் முன்வரிசை அக்காவின் பொய்க்கால் கண்ணில் பட்டது. ஷெல் விழுந்து முழங்காலுக்குக் கீழே இழந்தவர். எனக்கு நா எழவில்லை.

"முக்கால், பிள்ளை" என்றார் அவர். "அந்த முக்காலை வைச்சுத்தானே மூன்று பிள்ளையளை வளர்க்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பிந்தித்தான் சிரித்தேன். அந்தப் பகிடியை அவர் சொல்லலாம். நான் சொல்ல முடியாது.

மறுநாள் அவர்களுக்குக் காளமேகப் புலவரைப் பற்றிச் சொன்னேன். பதினைந்தாம் நூற்றாண்டுக்காரர், சிலேடையில் வல்லவர். காஞ்சி ஏகாம்பரநாதரை வணங்கச் சொல்லும் வெண்பா ஒன்றில் பின்னப் பெயர்களாகவே அடுக்கியிருக்கிறார். அதில் முக்கால் என்பது முதுமையில் ஊன்றும் தடியோடு சேர்த்து மூன்று கால். முன்னரை என்பது முன்னே தோன்றும் நரை. மா என்றால் இருபதில் ஒரு பங்கு; இறைவன் வீற்றிருக்கும் மாமரமும் அதுதான். பள்ளிக்கூடத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் நானும் கணக்குக்குப் பயந்திருக்கமாட்டேன்.

அக்கா விரல் மடித்து எண்ணினார். "சொந்தக் கால், பொய்க்கால், தடி. புலவர் சொன்ன முக்கால் எனக்குக் கிழவியாக முதலே வந்திட்டுது. சரி பிள்ளை, அடுத்த கணக்கைச் சொல்லுங்கோ."