சாவியை எல்லோரிடமும் கொடுக்கலாமா?

எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரே ரூட்டர். சில ஆண்டுகளுக்கு முன் என் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டர் ஒன்றை எல்லோருக்கும் ஷேர் செய்தேன். பாஸ்வேர்டு கேட்டால் தொல்லை என்று அதையும் நிறுத்தினேன். பெர்மிஷன்ஸ் பகுதியில் 'எவ்ரிஒன்' பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல் டிக் செய்தேன். வேலை சுலபமாக முடிந்தது என்று பெருமை வேறு!

அண்ணன் மகன் அந்த ஃபோல்டரைத் தன் கம்ப்யூட்டரில் இசட் டிரைவாக மேப் செய்திருந்தான். ஒருநாள் டிஸ்கில் இடம் போதவில்லை என்று, தன்னிடம் உள்ள காப்பி என நினைத்து அதில் இருந்ததை அழித்துவிட்டான். போனது என் பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படங்கள். இரண்டு கம்ப்யூட்டர்களிலும் ரீசைக்கிள் பின்னைத் தேடினோம். இல்லை. நெட்வொர்க் வழியாக அழிக்கும் ஃபைல்கள் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஆல்பத்தில் அச்சிட்ட 40 படங்கள் மட்டுமே மிஞ்சின. பையனைத் திட்டி என்ன பயன்? கதவைத் திறந்து போட்டது நான்தானே!

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில், ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் அக்கவுண்ட், பாஸ்வேர்டுடன் உருவாக்குங்கள். நெட்வொர்க் வழியாக நுழைய பின் நம்பர் உதவாது, பாஸ்வேர்டுதான் வேண்டும்.

அடுத்து, ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ் என்று செல்லுங்கள். எவ்ரிஒன் பெயரை நீக்கிவிட்டு, தேவையானவர்களை மட்டும் சேர்க்கவும். பார்த்தால் போதும் என்பவர்களுக்கு 'ரீட்'. எழுத வேண்டியவர்களுக்கு 'சேஞ்ச்'. எங்கள் வீட்டில் படங்கள் எல்லோருக்கும் ரீட். வீட்டுக் கணக்கு ஃபோல்டரில் மனைவிக்கு மட்டும் சேஞ்ச்.

பக்கத்தில் உள்ள செக்யூரிட்டி டேபையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் அனுமதி வேறுபட்டால், எது குறைவோ அதுவே செல்லும். சேஞ்ச் கொடுத்தும் சேவ் ஆகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

விண்டோஸ் 7-ல் வந்த ஹோம்குரூப் வசதியைத் தேடாதீர்கள். 2018-ல் விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலேயே அதை நீக்கிவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஷேர் செய்வது பேக்கப் ஆகாது. மூன்று பேர் பார்த்தாலும் ஃபைல் இருப்பது ஒரே டிஸ்கில்தான். மாதம் ஒருமுறை எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். நான் அதை அன்றே செய்திருந்தால், அந்தப் படங்கள் இன்றும் எங்களிடம் இருந்திருக்கும்.