ஜோடிக் கால்கள் – 6: வளைவில் யாருக்கு நீளமான வழி?

போன வாரம் ஹோல்டோடு, அதாவது ஜோடி ஒருவரையொருவர் பிடித்து நிற்கும் நிலையோடு, நிறுத்தியிருந்தோம். ஆணின் வலது உள்ளங்கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பின் மேல். பெண் அவனுக்கு நேர் எதிரே நிற்காமல் அவனுடைய வலப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். ஏன் அந்தத் தள்ளல்? திருப்பங்களைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். மூக்குக்கு நேர் மூக்காக நின்றால், ஒருவர் பாதம் வைக்க வேண்டிய இடத்தில் மற்றவர் பாதம் இருக்கும். தள்ளி நின்றால் அவனுடைய வலது கால் அவளுடைய இரு கால்களுக்கும் இடையே நுழைய முடியும், அவளுடையதும் அப்படியே. பால்ரூமில் ஜோடி திரும்புவதெல்லாம் இந்த இடைவெளியை நம்பித்தான்.

வால்ட்ஸில் முதலில் சொல்லிக் கொடுப்பது நேச்சுரல் டர்ன். வலப்பக்கமாகத் திரும்புவது. மொத்தம் ஆறு அடி, அதாவது நம் கணக்கில் திஸ்ரத்தில் இரண்டு சுற்று. போட்டிகளில் வால்ட்ஸ் இசை நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (ஒரு பார் என்பது மூன்று அடி கொண்ட ஒரு சுற்று) வேகத்தில் ஓடும். ஆக, ஆறு அடிக்கும் சேர்த்துக் கிடைப்பது சுமார் 4 விநாடி. அதற்குள் ஜோடி முக்கால் வட்டம் திரும்பி, அரங்கைச் சுற்றும் திசையில் முன்னேறியும் ஆக வேண்டும். அந்தத் திசை எப்போதும் இடஞ்சுழி. உலகில் எந்த அரங்கிலும் இதில் மாற்றமில்லை.

முதல் மூன்று அடியில் ஆண் முன்னால் வருகிறான், பெண் பின்னால் போகிறாள். அடுத்த மூன்றில் ஆண் பின்னால் போக, பெண் முன்னால் வருகிறாள். பின்னோக்கி நடப்பது பெண்ணின் பாடு என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு திருப்பத்தில் பாதி நேரம் ஆணுக்கும் அதே கதிதான்.

தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு அடக்குவார்கள், வெளிச்சக்கரம் சுற்றிக்கொண்டு வரும். இங்கும் முன்னால் வருகிறவருக்கு வெளிவளைவு, நீளமான வழி. பின்னால் போகிறவருக்கு உள்வளைவு, குட்டையான வழி. பாடநூல்கள் இதைப் பின்னக் கணக்காகவே எழுதிவைத்திருக்கின்றன. வெளியே இருப்பவர் முதல் அடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கால் வட்டம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அரைக்கால் வட்டம் என்று இரண்டு தவணையில் திரும்புகிறார். உள்ளே இருப்பவர் அந்த மூன்று அரைக்கால் பங்கை – அதாவது எட்டில் மூன்றை – முதல் இரண்டு அடிக்குள்ளேயே பாதத்தால் திருப்பி முடித்துவிடுகிறார். உடல் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்து சேரும். பாதம் முன்கூட்டியே திரும்பி வழிவிட்டால்தான் எதிரே வருகிறவருக்கு இடம் கிடைக்கும்.

திருப்பத்தில் தகராறு வருவதெல்லாம் இங்கேதான். புதிதாகக் கற்கும் ஆண் என்ன செய்வான்? பெண்ணைக் கையால் பிடித்துத் திருப்பப் பார்ப்பான். அவள் தடுமாறுவாள், தோள் தூக்கிக்கொள்ளும், அழகாகப் பிடித்திருந்த ஹோல்ட் குலையும். அவன் செய்ய வேண்டியது வேறு: அடியெடுத்து வைக்கும் காலுக்கு எதிர்ப்பக்கத்து உடலை அந்தக் கால் போகும் திசையில் கொண்டுவருவது. வலது கால் முன்னே போனால் இடது விலாவும் இடுப்பும் கூடவே முன்னே வர வேண்டும். அவ்வளவு செய்தாலே எதிரில் இருப்பவளுக்குத் தகவல் போய்விடும். கைக்கு அங்கே வேலையே இல்லை.

மிதிபடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெருவிரல் நசுங்கினால் பழி முன்னால் வந்தவர் மேல்தான் விழும். என் தீர்ப்பு வேறு. பெரும்பாலும் குற்றவாளி, பின்னால் போக வேண்டிய காலை இடுப்பிலிருந்து நீட்டாமல் முழங்காலிலிருந்து மட்டும் மடக்கிவைத்தவர். மிச்சப் பழி, தயங்கித் தயங்கிக் குட்டையாக அடி வைத்தவருக்கு. தயக்கமான அடியின் நீளத்தை எதிராளியால் ஊகிக்கவே முடியாது.

இந்தக் கணக்கெல்லாம் எப்போது வந்தது? பழைய வால்ட்ஸில் ஜோடிகள் பாலேபோலப் பாதங்களை வெளிப்பக்கம் விரித்து ஓயாமல் சுழன்றார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு லண்டனில் எல்லாம் தலைகீழாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபாக்ஸ்ட்ராட், பாதங்களை நேராக வைத்து இயல்பாக நடக்கச் சொன்னது. ஆளுக்கொரு விதமாக ஆடத் தொடங்கவே, ‘டான்சிங் டைம்ஸ்’ இதழின் ஆசிரியர் பிலிப் ரிச்சர்ட்சன் 1920இல் ஆசிரியர்களைக் கூட்டி ஒழுங்கு பேசினார். 1924இல் நடன ஆசிரியர் சங்கமான இம்பீரியல் சொசைட்டி பால்ரூமுக்கென்று தனிக் கிளை தொடங்கியது. ஜோசஃபின் பிராட்லி, விக்டர் சில்வெஸ்டர் போன்ற ஆட்டக்காரர்கள் அதில் உட்கார்ந்து அடிகளை வரையறுத்தார்கள். சில்வெஸ்டர் 1922இல் ஃபிலிஸ் கிளார்க்குடன் ஆடி உலகப் போட்டியில் வென்றபோது அவருடைய வால்ட்ஸில் இருந்தது ஏறக்குறைய ஒரு வலத் திருப்பம், ஒரு இடத் திருப்பம், ஒரு திசை மாற்றம். இன்று பிளாக்பூல் போட்டியில் ஆடுகிறவர்கள் சொருகும் அலங்காரங்களோடு ஒப்பிட்டால் அது வெறும் அரிச்சுவடி. ஆனால் அந்த அரிச்சுவடியில் பட்டம் வாங்க முடிந்திருக்கிறது.

பயிற்சிக்கு வருவோம். முதல் கட்டம் தனியாக, இசை இல்லாமல். ஆறு அடியையும் சத்தமாக எண்ணி, ஒவ்வொன்றிலும் நின்று, பாதத்தில் எந்தப் பகுதி தரையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்னால் வரும் முதல் அடி குதிகாலில் தொடங்கி முன்பாதத்துக்கு உருளும். இரண்டாவது முன்பாதம் மட்டும். மூன்றாவதில் கால்கள் சேர்ந்த பிறகே குதிகால் இறங்கும். அவசரக்காரர்கள் கால் சேரும் முன்பே இறங்கிவிடுவார்கள். அடுத்த அடி அப்போதே கெட்டது. மசாயுகி சுவோ இயக்கிய ‘ஷால் வீ டான்ஸ்’ (1996) என்ற ஜப்பானியப் படத்தில் நடுவயதுக் குமாஸ்தா அலுவலக மேஜைக்கடியில் யாருக்கும் தெரியாமல் கால் அசைத்துப் பழகுவார். சிரிப்புக்காக வைத்த காட்சி என்றாலும் முறை சரியானதே.

அடுத்து, கோவை. வலத் திருப்பம், ஒரு க்ளோஸ்டு சேஞ்ச் (திரும்பாமல் மூன்று அடி வைத்துக் கால் சேர்ப்பது), இடத் திருப்பம், இன்னொரு க்ளோஸ்டு சேஞ்ச். இந்த நாலையும் சங்கிலியாக்கி அறையைச் சுற்றிவந்தால் இரு பக்கத் திருப்பமும் சமமாகப் பழகும். பலர் வலத்தை மட்டும் ஆடி மகிழ்ந்துவிட்டு இடத்தைக் கைவிடுகிறார்கள். வியன்னாவின் ஓபரா பால் விழாவில் முதன்முறை அரங்கேறும் இளம் ஜோடிகள் இடப்பக்கமாகச் சுழலும் வால்ட்ஸில் தேறியிருக்க வேண்டும். அந்த ஊர் வால்ட்ஸ் நிமிடத்துக்கு 58, 60 பார் வேகம். ஆறு அடிக்கு இரண்டே விநாடி.

ஜோடியாகச் சேரும்போதும் உடனே முழு ஹோல்டுக்குப் போக வேண்டாம். ஒருவர் கைமுட்டியை மற்றவர் தாங்கிக்கொண்டு, ஓர் அடி இடைவெளி விட்டு ஆடிப் பாருங்கள். கையால் இழுக்கும் பழக்கம் இருந்தால் உடனே அம்பலமாகும். இசை சேர்க்கும்போது வேகம் மாறாத பதிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் ஏறி இறங்கும் பதிவுகள் ஆட்டக்காரர்களுக்கு உதவாது என்று கண்டுதான் சில்வெஸ்டர் 1935இல் தானே ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். அந்த இசைத்தட்டுகள் கோடிக்கணக்கில் விற்றன.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மேலான பயிற்சி இடம் மாற்றிக்கொள்வது. ஆண் பெண்ணின் அடிகளையும் பெண் ஆணின் அடிகளையும் ஆடுவது. ஆசிரியர் தேர்வு எழுதுகிறவர்கள் இரண்டையும் ஆடிக் காட்டித்தான் ஆக வேண்டும். ஹாலிவுட்டில் நடன அமைப்பாளர் ஹெர்மிஸ் பான் இதையே தொழிலாகச் செய்தார். ஃப்ரெட் அஸ்டேருடன் ஒத்திகையில், அஸ்டேரின் திரை ஜோடி ஜிஞ்சர் ரோஜர்ஸின் பங்கை அவர்தான் ஆடுவார். பிறகு ஜிஞ்சருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பார். வேறு படத்தில் நடித்துக்கொண்டிருந்த ஜிஞ்சர் வந்து சேர்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

உள்வளைவின் அருமை தெரிய வேண்டுமானால் ஃபாக்ஸ்ட்ராட்டில் வரும் ஹீல் டர்னை ஆடிப் பார்க்க வேண்டும். பெண் இடது காலைப் பின்னால் வைக்கிறாள். வலது காலை அதன் பக்கத்தில் மெதுவாக இழுத்துச் சேர்த்தபடி, இடது குதிகாலின் மேலேயே திரும்புகிறாள். திரும்பி முடியும் தறுவாயில்தான் எடை வலது காலுக்கு மாறும். அவள் அங்கே இருக்கும் வரைக்கும் ஆண் அவளைச் சுற்றி வெளிவளைவில் போய்க்கொண்டிருக்கிறான். அவள் காலை முன்னதாகச் சேர்த்துவிட்டால் அவனுக்குச் சுற்ற வேகம் கிடைக்காது. பிந்தினால் அவன் மோதுவான். பார்க்கிறவர் கண்ணுக்கு அவள் எதுவுமே செய்யாததுபோல இருக்கும். பால்ரூமில் மிகக் கடினமான அடிகளில் இது ஒன்று. எத்தனையோ பேர் குதிகாலை விட்டுவிட்டு முன்பாதத்தில் சுழன்று தப்பித்துக்கொள்கிறார்கள். நடுவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காலணியின் அடியில் மெல்லிய சூயிட் தோல் இருக்கட்டும். ரப்பர் அடியில் திரும்பினால் பாதம் நின்றுவிடும், முழங்கால் மட்டும் திருகிக்கொள்ளும். தோல் வழவழப்பாகிவிட்டால் கம்பி பிரஷால் தேய்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் டாங்கோ. இன்று பார்த்த எழும்பலும் இறங்கலும் அதில் கிடையாது. முழங்கால் கடைசிவரை சற்றே மடங்கியபடிதான் இருக்கும். அதற்குள் வலமும் இடமுமாக அந்தக் கோவையைப் பழகி வையுங்கள்.